ஒப்பிடுவதும் ஒரு சாட்சியமே

பூண்டுலோயாவில் மழை பெய்யாத ஞாயிறு வாய்ப்பது அரிது. சில வாரங்களுக்கு முன் அப்படி ஒன்று வாய்த்தது. திருப்பலி முடிந்த பின் ஆலய முற்றத்தில் வெயில் காய்ந்தபடி நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த அன்பர் ஒருவரும் எங்களோடு நின்றார். தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, கொழும்புக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா சென்றவர். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பெரிய பண்டகசாலை ஒன்றில் அவருக்கு வேலை. உழைப்பாளி, தெய்வ பயமுள்ளவர். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்:

“எங்க டவுன்ல நேபாளிகளும் இருக்காங்க, சோமாலியரும் இருக்காங்க பாதர். சோமாலியர்தான் முன்னாடி வந்தவங்க. ஆனா பின்னாடி வந்த நேபாளிகள் பத்து வருஷத்துக்குள்ள வீடு வாங்கிட்டாங்க, கடை போட்டுட்டாங்க. மத்தவங்க இன்னும் வாடகை வீட்டுலதான். எல்லாம் அந்தந்தச் சனத்தோட குணம் பாதர்.”

பக்கத்தில் நின்ற கடை முதலாளி தலையை ஆட்டினார். “நம்ம தோட்டத்துச் சனமும் அப்படித்தானே சாமி! எங்க தாத்தாவும் அதே கடலைத் தாண்டித்தான் வந்தாரு. அவரு கடை போட்டாரு. இதுங்க இருநூறு வருஷமா லயத்திலயே கெடக்குதுங்க.”

சொன்னவர்கள் இருவரும் கெட்டவர்கள் அல்லர். கொலம்பஸிலிருந்து வந்தவர் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஓர் உறையில் பணம் கொண்டுவந்திருந்தார். அதை என் கையில் தந்து ஒரு நிபந்தனையும் வைத்தார். முன்னேறுகிற குணமுள்ள குடும்பங்களாகப் பார்த்து நானே ஒரு பட்டியல் போட வேண்டும். காசு வீணாகக் கூடாது.

அந்த உறை என் மேசை இழுப்பறையில் ஒரு மாதமாகக் கிடந்தது. பட்டியல் போட என் கை எழவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த முற்றத்துப் பேச்சைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு சனத்தையும் மற்றொரு சனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவர்கள் முன்னேறினார்கள், அவர்கள் முன்னேறவில்லை என்று நாம் சொல்லும்போது என்ன செய்கிறோம்? அது வெறும் வர்த்தமானமா, அல்லது தீர்ப்பா? தீர்ப்பு என்றால், அதற்குரிய விசாரணையை யார் நடத்தினார்கள்?

கொலம்பஸ் நகரத்திலிருந்தே தொடங்குவோம். அங்கே நேபாளிகள் என்று அழைக்கப்படுவோரில் பெரும்பாலானோர் நேபாள நாட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் அல்லர். அவர்கள் பூட்டான் தேசத்தின் தென்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நேபாளி மொழிக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே போய்க் காடு வெட்டிக் கழனியாக்கியவர்களின் வழித்தோன்றல்கள். 1985இல் பூட்டான் அரசு ஒரு பிரசாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1988இல் குடிசன மதிப்பு எடுத்தபோது, 1958ஆம் ஆண்டில் தாங்கள் அந்த நாட்டில் இருந்ததற்குச் சான்று காட்டச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய வரிச்சீட்டை எந்த ஏழை வீட்டில் தேடுவது? காட்ட முடியாதவர்கள் அந்நியர் ஆனார்கள். 1990களின் தொடக்கத்தில் ஓர் இலட்சம் பேர்வரை நாட்டை விட்டு வெளியேறி, நேபாளத்தின் ஜாப்பா, மொராங் மாவட்டங்களில் முகாம்களில் ஒதுங்கினார்கள். 2008 முதல் அவர்களை அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் ஏற்றுக்கொண்டன.

வாசகர்களே, இந்தக் கதையை எங்கோ கேட்டது போல இருக்கிறதல்லவா? பூட்டானில் இவர்களை உழைப்பாளிகள் என்று எவரும் பாராட்டவில்லை. வேண்டாத சனம் என்றார்கள். கடல் கடந்தவுடன் அதே சனம் முன்னேறும் குணமுள்ள சனமாகிவிட்டது. இடையில் அவர்கள் குணம் மாறவில்லை. அவர்களைப் பார்க்கும் கண்தான் மாறிற்று.

முகாமில் அவர்கள் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் கிடந்தார்கள். ஆனால் சும்மா கிடக்கவில்லை. அங்கே பாடசாலைகள் இருந்தன. அவற்றை நடத்தியது நம் திருச்சபையின் கரித்தாஸ் நேபாளம் என்பதையும், இயேசு சபைக் குருக்கள் அதில் உழைத்தார்கள் என்பதையும் கத்தோலிக்கர் பலர் அறியார். மூங்கில் கொட்டகைகளில் பத்தாம் வகுப்புவரை ஆங்கிலத்தோடு கற்பித்தார்கள். விமானம் ஏறிய இளைஞர்களில் அநேகர் படித்தவர்களாகவே ஏறினார்கள். பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகவே போனார்கள்; முகாம்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகின. உழைத்த காசை மாதந்தோறும் திருப்பி அனுப்ப வேண்டிய பாரம் அதனால் குறைந்தது.

சோமாலியர் கதை வேறு. 1991இல் சியாட் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே ஆட்சி மாறவில்லை, அரசே இல்லாமற் போயிற்று. பாடசாலையும் அதோடு போயிற்று. கென்யாவின் தடாப் முகாம்கள் அந்த ஆண்டில் தொடங்கின. 90,000 பேருக்கென்று அமைத்த இடத்தில் 2011ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கும் பாடசாலைகள் இருந்தன. ஆனால் அலை அலையாக வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு அவை எப்படிப் போதும்? தகப்பனைப் போரில் இழந்த குடும்பங்கள் அநேகம். அமெரிக்கா சேர்ந்தவர்களுக்கும் பின்னால் முகாமிலும் ஊரிலும் தாயும் தம்பியும் பசியோடு இருக்கிறார்கள். வெளிநாடுகளில் வாழும் சோமாலியர் ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் தங்கள் தாய்நாட்டுக்கு அனுப்புகிறார்கள். இஸ்லாமியராகிய அவர்களில் பலருக்கு வட்டிக் கடன் விலக்கப்பட்ட ஒன்று. அமெரிக்காவிலோ வட்டிக் கடன் இல்லாமல் ஏழை ஒருவன் வீடு வாங்க முடியாது. ஆகவே வாடகை வீட்டில் இருப்பவனில் ஒருவன் தன் மனச்சாட்சிக்காக இருக்கிறான், இன்னொருவன் தன் தாய்க்காக இருக்கிறான். நம் அன்பர் இரண்டு பேரையும் சேர்த்துச் சோம்பேறிக் கணக்கில் எழுதிவிட்டார்.

இன்னும் ஒன்று. கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஈஸ்ட்லி என்ற பகுதி உண்டு. அங்கே மாடி மாடியாகக் கடைத் தொகுதிகள். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சோமாலியர். அந்த ஊரில் அவர்கள்மேல் சொல்லப்படும் குறை, எல்லாவற்றையும் இவர்களே வாங்கிவிடுகிறார்கள் என்பது! ஒரே சனம் ஓரூரில் பிழைக்கத் தெரியாதவர்கள், மற்றோரூரில் பிழைப்பில் மகா கெட்டிக்காரர்கள்.

முன்னேறியவர்களாகச் சொல்லப்படும் பூட்டான் நேபாளிகளின் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய அவர்களிடையே தற்கொலை மிகுந்திருப்பது கண்டு அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் விசாரணை நடத்தியது. அமெரிக்கச் சராசரியைவிட அவர்களிடையே அது அதிகம் என்று 2012இல் தெரியவந்தது. வீட்டின் விலையை எழுதிய கணக்கில் இந்தக் கண்ணீர் எந்தப் பத்தியில் ஏறும்?

நிற்க. தூரத்து நாட்டுக் கதையை இவ்வளவு சொன்னதற்குக் காரணம், நம் கடை முதலாளி அதை நொடிப்பொழுதில் டன்சினனுக்கும் ஷீன் தோட்டத்துக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதே. இனி அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் தாத்தாவும் தோட்டத்துச் சனத்தின் பாட்டன் பூட்டன்மாரும் ஒரே கடலைத் தாண்டினார்கள் என்பது மெய்தான். ஆனால் கடலைத் தாண்டும்போது மடியில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டாமா? கொழும்பு செட்டியார் தெருவுக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞன் ஒருவன் ஊரில் கணக்குப் படித்து, பெட்டியடிப் பையனாய்ப் பழகி, முதலாளியின் பணத்தோடும் பேரோடும் இங்கே வந்தான். தவணை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினான். அவனுக்குப் பின்னால் ஒரு வீடு, ஒரு கோவில், ஒரு நாணயம் நின்றது. கோப்பிக் காலத்துத் துரைமாரும் அவர்களிடம் கடன் வாங்கினார்கள். சிறு கடைக்காரர்கள் இவ்வளவு வசதியோடு வரவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு மாமனோ மைத்துனனோ முன்னால் வந்து கடை வைத்திருந்தான். மூட்டை அரிசியைக் கடனாகக் கொடுக்க ஆள் இருந்தது. அதுவும் முதல்தான்.

தோட்டத்துக்கு வந்தவனுடைய மடியில் இருந்தது கடன். ஊரில் பஞ்சத்தில் தவித்தவனைக் கங்காணி கூட்டி வந்தான். வழிச் செலவு, சோறு, துணி, வீட்டில் விட்டு வந்த முற்பணம் அத்தனையும் அவன் பேரில் பற்று எழுதப்பட்டது. தோட்டத்தில் கால் வைத்த அன்றே அவன் கடனாளி. தொடக்க காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டு போனார்கள். பிழைத்து வந்தவனோ இறந்தவன் பட்ட கடனுக்கும் சில வேளை பொறுப்பானான். பிறகு ‘துண்டு’ என்ற ஒரு முறை. இந்த ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறொரு தோட்டம் அந்தக் கடனை வாங்கிக்கொண்டு ஆட்களையும் வாங்கிக்கொள்ளும். தோட்டம் மாறினாலும் கடன் மாறாது, பெரும்பாலும் ஏறும். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டைக் கிழித்தது. அதாவது முதல் கோப்பித் தோட்டங்கள் தோன்றி ஏறத்தாழ நூறு வருடத்துக்குப் பின்.

“கூலியாக வந்தவர்களிலும் பெரிய ஆளானவர்கள் இல்லையா?” என்று கேட்பீர்கள். உண்டு. இறம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தை விலைக்கே வாங்கிய கருப்பையா அப்படிப்பட்டவர். சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை. அவருடைய உழைப்பையும் சாமர்த்தியத்தையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர் ஏறிய ஏணி கங்காணி உத்தியோகம். பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. நூறு பேர் வேலைக்கு இறங்கினால்தான் ஒருவருக்கு அந்த ஏணி. நூறு பேரும் கங்காணியாக முடியுமா? அப்படியானால் கொழுந்து பறிப்பது யார்?

இதற்கு மேலே வந்தது சட்டம். வேதாகமத்தில் யாத்திராகமத்தின் தொடக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாக்கோபின் மக்கள் எகிப்துக்குப் போனபோது மன்னனே வண்டி அனுப்பி அழைத்து, நல்ல நிலமும் கொடுத்தான். பெருகினார்கள், செழித்தார்கள். பிறகு யோசேப்பை அறியாத ஒரு புதிய மன்னன் வந்தான். அதே மக்கள் செங்கல் அறுக்கும் அடிமைகளானார்கள். அவர்கள் குணம் கெட்டுவிட்டதென்று வேதாகமம் சொல்லவில்லை. மன்னன் மாறினான் என்றே சொல்லுகிறது.

நமக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம். 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம். அதே ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாவது சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1946க்கு முன் இத்தனை வருடம் இடைவிடாது இந்நாட்டில் வசித்ததை எண்பிக்கச் சொன்னார்கள். ஊரில் தாயின் சாவுக்குப் போய் வந்தது சிலருக்கு வினையாயிற்று. பூட்டானில் 1958ஆம் ஆண்டுச் சீட்டைத் தேடிய அந்த நேபாளிக்கு நம்மவரைத் தெரியாது. தெரிந்திருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பான்.

பிரசாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்கக் காணி இல்லை, அரசாங்க உத்தியோகம் இல்லை, வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஆளும் இல்லை. தோட்டத்துப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரே ஆசிரியரும் ஒரே கொட்டகையுமாய் இருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு போட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தப் பங்கீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் போன வீடுகள் இந்தப் பகுதியில் அநேகம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசையுள்ளவர்கள் இந்த அண்ணன் தம்பியை ஒப்பிடட்டும். ஒரே தாய் வயிறு, ஒரே லயக் காம்பரா, ஒரே குணம். போனவர்களில் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தவன் ஒரு மாதிரி வாழ்ந்தான். தொழில் தொடங்கச் சிறு கடன் கொடுத்து முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவன் அந்தக் காசைப் பறிகொடுத்துத் தெருவில் நின்றான். கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாய்ச் சிக்கியவர்களும் உண்டு. இங்கே இருந்த தம்பியோ 1973, 74 பஞ்சத்தில் கிழங்குக்கும் இலைக்கும் அலைந்தான். தோட்டங்கள் அரசுடைமையானபோது சில இடங்களில் லயத்திலிருந்தே விரட்டப்பட்டான். காணியைப் பிரித்துக் கொடுக்க வந்தபோது மறித்து நின்ற தொழிலாளரில் சிவனு லெட்சுமணன் 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1977இலும் 1983இலும் கடைகளும் எரிந்தன, லயங்களும் எரிந்தன என்பதை நம் முதலாளி மறந்திருக்க மாட்டார். எரிந்த கடையை மீண்டும் திறக்க அவர் வீட்டாருக்கு உறவும் கடனும் கைகொடுத்தன. எரிந்த லயத்திலிருந்து ஓடியவன் வவுனியாக் காட்டில் குடிசை போட்டான்.

பிறகு சட்டம் மெல்ல மெல்ல இளகிற்று. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்தன. ஒரு தலைமுறைக்குள் என்ன நடந்தது? கொழுந்துக்கூடை சுமந்த தாயின் மகள் ஆசிரியையானாள். பேராதனைக்கும் கொழும்புக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். கொலம்பஸ் அன்பரே அந்தத் தலைமுறைதான்! கதவு திறந்ததும் உள்ளே போனவர் அவர். கதவு அடைத்திருந்த காலத்தில் அவர் தகப்பனார் வாசலில் நின்றது சோம்பலினால் அல்ல.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. அதற்குள் பொருள்களின் விலை எங்கோ போய்விட்டது. சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் காணி. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஐந்து தலைமுறை குடியிருந்தாலும் உறுதி இல்லை. உறுதி இல்லாதவனுக்கு வங்கி கடன் தராது, அதனால் மகன் கடை வைக்க முடியாது, தகப்பன் இறக்கும்போது பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஒரு கூரையும் இல்லை. நம் முதலாளியின் தாத்தா பேரனுக்கு விட்டுச்சென்றது சாமர்த்தியத்தை மட்டுமல்ல, கடை உறுதியையும்தான். 2018இல் டன்சினனில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கட்டும். வாசலில் ரோசாச் செடி, சுவரில் சாயம், பின்னால் கறிவேப்பிலைக் கன்று. லயத்தில் இருந்தபோது இவர்களுக்குச் செடி வைக்கும் குணம் இல்லையென்றா நினைக்கிறீர்கள்?

இங்கே ஒரு கேள்வி எழும், எழுவது நியாயம். அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? எல்லாம் சட்டமும் துரையும் செய்த குற்றமா? சம்பள நாளன்று தவறணை வாசலில் நான் நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளையின் கொப்பிக் காசு அங்கே கரைவதையும் பார்த்திருக்கிறேன். ஒரே லயத்தில், ஒரே சம்பளத்தில், ஒருவன் மகளைப் படிக்க வைக்கிறான், அடுத்த காம்பராக்காரன் மகளின் தோட்டை அடகு வைக்கிறான். அவன் செய்தது பாவமே. அதைப் பாவம் என்று சொல்லாவிட்டால் நான் குருவானவன் அல்ல.

ஆனால் பாவத்தை ஆள் ஆளாய்த்தான் விசாரிக்க முடியும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இன்றுவரை ஒரு சமூகம் வந்து முழங்காலிட்டதில்லை. வருகிறவன் ஒரு மனிதன். எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில், மனம் அறிந்தா அறியாமலா என்று கேட்காமல் எந்தக் குருவும் தீர்ப்புச் சொல்வதில்லை. குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த பாடம் அது. ஒரு கொலைகாரனுக்குக் கொடுக்கிற அந்த விசாரணையை, முழுச் சனத்தையும் ஒரே சொல்லில் சோம்பேறி என்று தள்ளும்போது நாம் கொடுக்கிறோமா? எட்டாம் கட்டளை அயலானுக்கு எதிராகப் பொய்ச் சாட்சியத்தை விலக்குகிறது. பொய் என்பது நடக்காததைச் சொல்வது மட்டுமல்ல. லயத்தில் இருக்கிறான் என்பது உண்மை. ஏன் இருக்கிறான் என்பதை மறைத்து அந்த உண்மையைச் சொன்னால், உண்மையைக் கொண்டே பொய்ச் சாட்சியம் சொன்னதாகிறது.

ஒப்பிடுவதே கூடாதென்றும் நான் சொல்லேன். நம் ஆண்டவரே ஒப்பிட்டார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து செல்வர் போட்டதையும் ஏழைக் கைம்பெண் போட்டதையும் பார்த்தார். அவர் எண்ணியது பெட்டியில் விழுந்ததை அல்ல. போட்ட பின் கையில் மிஞ்சியதை. நற்செய்தியில் இன்னொரு ஒப்பீடும் உண்டு. ஆலயத்தின் முன்வரிசையில் நின்று, தன்னைப் பின்னால் நின்ற ஆயக்காரனோடு ஒப்பிட்டுக் கடவுளுக்கே கணக்குக் கொடுத்த பரிசேயன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நோன்பிருந்ததும் உண்மை, தசமபாகம் கொடுத்ததும் உண்மை. என்றாலும் நீதிமானாக வீடு திரும்பியவன் அவன் அல்ல.

திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு சிறு இடம் உண்டு. தோட்டத்து மக்களுக்குப் பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும். மாலை ஐந்து மணிக்குச் சந்தையில் நின்றவர்களை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று முதலாளி கேட்கிறார். தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். முதலாளி அந்தப் பதிலை நம்பினார். நாம் நம்பியிருப்போமா?

இனிப் பட்டியல் விஷயம். நான் இந்தப் பங்குக்கு வந்த முதலாண்டிலும் இப்படி ஒரு பணம் வந்தது. அப்போதும் நல்ல குடும்பமாகப் பார்க்கச் சொன்னார்கள், நானும் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளையின் பேரை எழுதி, பிறகு வெட்டினேன். தகப்பன் குடிகாரன், கொடுக்கும் காசு அவன் கைக்குத்தான் போகும் என்று தீர்மானித்தேன். அந்த வீட்டுக்கு ஒரு தரம்கூடப் போய்ப் பார்க்கவில்லை. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்ததும், காசுப் பொறுப்பு அந்தப் பிள்ளையின் கையிலேயே இருந்ததும் பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் பிள்ளை பாடசாலையை விட்டுக் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. நான் அந்தப் பேரை வெட்டிய பேனாவால்தான் மறு வாரம் இந்தப் பத்திரிகைக்குத் தவக்காலச் சிந்தனையும் எழுதினேன்.

கொலம்பஸ் அன்பர் ஊர் திரும்புமுன் அவரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி பாதர், ஆனா காசு வீணாப் போகக் கூடாது” என்றார். அது நியாயம். ஒருவர் கையிலும் காசு கொடுப்பதில்லை என்று ஏற்பாடு செய்தோம். கொப்பி, சப்பாத்து, பஸ் சீசன் எல்லாம் பொருளாகவே போகும். கொப்பிகளை முதல் விலைக்கே தருவதாகக் கடை முதலாளி சொல்லியிருக்கிறார். அவரிடம் நான் கேட்கவில்லை, அவராகவே வந்தார்.

கேள்வி ஒன்றுதான் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்: பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா, போக விரும்புகிறதா? கடந்த வாரம் லயம் லயமாக ஏறி இறங்கி எழுதினேன். ஆடைத் தொழிற்சாலைக்குப் போன அந்தப் பிள்ளைக்கு ஒரு தம்பி, ஏழாம் வகுப்பு. தகப்பன் இன்னமும் குடிக்கிறான். நான் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, உட்காரப் பலகை எடுத்துப் போட்டான். பையனின் பேரை அங்கேயே வைத்து எழுதினேன்.